விளம்பரத்துக்கு எதிர்ப் பக்கத்தில் வர வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவு வெளியான நாள் முதல் கல்லூரி விளம்பரங்கள் முழுப் பக்கம் முழுப் பக்கமாக வந்துகொண்டிருக்கின்றன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாளிதழும் நடக்க வேண்டுமே. ஆனால் கூடவே வரும் கல்வி இணைப்பிலும் "எதிர்காலம் உள்ள படிப்புகள்" என்ற பட்டியல்தான் திரும்பத் திரும்ப வருகிறது. எந்தக் கல்லூரி என்று முடிவெடுக்கத் தேவையான விவரங்கள் பெரும்பாலும் அரசு இணையதளங்களிலும் அந்தந்தக் கல்லூரியின் சொந்த இணையதளத்திலும் காசில்லாமல் கிடைக்கின்றன. எங்கே தேடுவது, தேடி எடுத்ததை எப்படிப் படிப்பது என்பதுதான் வீடுகளுக்குத் தெரிவதில்லை. தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வை முன்வைத்து அதை எழுதுகிறோம்.

முதலில் பார்க்க வேண்டியது, மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப்.புக்காகக் கல்லூரிகள் தரும் தரவு. தரவரிசையில் எத்தனையாவது இடம் என்பதைச் சொல்லவில்லை. அந்த மதிப்பெண்ணில் ஆராய்ச்சிக்கு மட்டும் 30 விழுக்காடு எடை உண்டு. இளநிலை மாணவருக்கு அது அவ்வளவு முக்கியமில்லை. பங்கேற்கும் ஒவ்வொரு கல்லூரியும் தான் சமர்ப்பித்த விவரத்தைத் தன் இணையதளத்தில் வைக்க வேண்டும் என்பது விதி. முகப்பின் அடியில் எங்கோ ஒரு மூலையில் அந்தக் கோப்பு இருக்கும். அதில் நான்காண்டு இளநிலைப் படிப்புக்கான அட்டவணையை எடுங்கள். அனுமதிக்கப்பட்ட இடங்கள், சேர்ந்தவர்கள், குறித்த காலத்துக்குள் பட்டம் பெற்றவர்கள், வேலை பெற்றவர்கள், அவர்களின் இடைநிலைச் சம்பளம், மேற்படிப்புக்குப் போனவர்கள் என்று ஒரே வரிசையில் ஆறு விவரங்கள் இருக்கும்.

ஓர் உதாரணத்துக்கு, 420 இடங்களில் 300 பேர் சேர்ந்தார்கள், 190 பேர் நான்கே ஆண்டில் முடித்தார்கள், 120 பேருக்கு வேலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். இதே கல்லூரியின் விளம்பரத்தில் "95 விழுக்காடு வேலைவாய்ப்பு" என்று இருக்கலாம். அது பொய்யும் ஆகாது. அரியர் இல்லாமல், 60 விழுக்காட்டுக்கு மேல் எடுத்து, வேலைவாய்ப்புப் பிரிவில் பெயர் பதிந்த 126 பேரை மட்டும் "தகுதியுள்ளவர்கள்" என்று கணக்கில் எடுத்தால் 120 என்பது 95 விழுக்காடுதான். சேர்ந்த 300 பேரை வைத்துப் பார்த்தால் 40. உங்கள் பிள்ளை அந்த 300 பேரில் ஒருவராகத்தான் உள்ளே போகிறார்.

சம்பளமும் அப்படியே. ஒரே ஒருவர் வாங்கிய 20 லட்சத்தைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். இடைநிலைச் சம்பளம் என்பது வேலை கிடைத்த 120 பேரைச் சம்பள வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவர் வாங்குவது. "500 ஆஃபர்" என்ற அறிவிப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. மூன்று நிறுவனங்கள் ஒரே மாணவரைத் தேர்ந்தெடுத்தால் அது மூன்று ஆஃபர். அந்த அட்டவணையிலும் ஒரு குறை உண்டு. எல்லாத் துறைகளையும் சேர்த்த கணக்கு அது. கல்லூரி தானே சொல்லும் கணக்கும்கூட. அதனால் துறைவாரியாகப் போன ஆண்டு எத்தனை பேர், எந்த நிறுவனம், என்ன வேலை என்று கல்லூரியில் எழுத்தில் கேளுங்கள். பதில் சொல்லாமல் சிற்றேட்டை நீட்டினால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது தேர்ச்சி விழுக்காடு. இணைப்புக் கல்லூரிகளின் பருவத் தேர்வுத் தேர்ச்சியை அண்ணா பல்கலைக்கழகம் பட்டியலாக வெளியிட்டுவருகிறது. ஒரே வினாத்தாள், வெளியாள் திருத்தம் என்பதால் இந்தக் கல்லூரிகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட அது நல்ல அளவுகோல். ஒரு பருவத்தை மட்டும் பார்க்காமல் நான்கைந்து பருவங்களைப் பாருங்கள். தன்னாட்சிக் கல்லூரிகளை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. அங்கே பாடத்திட்டம், வினாத்தாள், மதிப்பீடு எல்லாம் அவர்கள் கையில். பட்டச் சான்றிதழில் மட்டும் பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். தன்னாட்சியில் 90 விழுக்காடு தேர்ச்சியும் இணைப்பில் 60 விழுக்காடு தேர்ச்சியும் ஒரே தராசில் நிற்பவை அல்ல. தன்னாட்சி என்ற பெயரே உயர்தரத்துக்கு முத்திரை என்ற எண்ணமும் ஊரில் பரவியிருக்கிறது. நல்ல ஆசிரியர்கள் உள்ள இடத்தில் தன்னாட்சி நல்ல பாடத்திட்டத்தைத் தருகிறது. அவர்கள் இல்லாத இடத்தில் எளிதான வினாத்தாளைத் தருகிறது. அவ்வளவுதான்.

ஆசிரியர்களுக்கு வருவோம். பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி தரும் மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் வேண்டும். ஆண்டுக்கு 60 இடம் உள்ள துறையில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து 240 மாணவர்கள், ஆக 12 ஆசிரியர்கள். கட்டாயமாக வெளியிட வேண்டிய விவரங்கள் என்ற பகுதியில் கல்லூரி இணையதளத்திலேயே துறைவாரியாக ஆசிரியர் பெயர், கல்வித் தகுதி, சேர்ந்த தேதி இருக்க வேண்டும். பெயர்களை எண்ணுவதோடு நிற்காமல் சேர்ந்த தேதியைப் பாருங்கள். பாதிப் பேர் கடந்த ஓராண்டுக்குள் சேர்ந்தவர்கள் என்றால் அங்கே ஆசிரியர் தங்குவதில்லை என்று பொருள். சம்பளம் ஒழுங்காக வராத கல்லூரியின் முதல் அடையாளம் பெரும்பாலும் இதுதான். பட்டியலில் பெயர் இருந்தாலே ஆள் இருக்கிறார் என்றும் நம்ப முடியாது. 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியிட்ட விவரம் நினைவிருக்கும்: நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியாளராகக் காட்டப்பட்டிருந்தார்கள். துறைத் தலைவரின் பெயரையும் மூத்த பேராசிரியர் இருவரின் பெயரையும் இணையத்தில் தட்டிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கல்வித் தரத்தை மதிப்பிட்டு அங்கீகாரம் தரும் அமைப்புகளான நாக், என்.பி.ஏ. இரண்டும் வேறு வேறு. நாக் கல்லூரி முழுவதற்கும் தரும் மதிப்பீடு, என்.பி.ஏ. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருவது. நுழைவாயிலில் "என்.பி.ஏ. அங்கீகாரம் பெற்றது" என்று பலகை இருக்கும். மெக்கானிக்கலும் எலெக்ட்ரிக்கலும் மட்டும் பெற்றிருப்பார்கள், நீங்கள் சேரப்போவதோ செயற்கை நுண்ணறிவும் தரவு அறிவியலும். இரண்டு அணி மாணவர்கள் படித்து வெளியேறிய பிறகுதான் ஒரு படிப்புக்கு என்.பி.ஏ.வுக்கே விண்ணப்பிக்க முடியும். ஆகவே புதுப் படிப்புக்கு அது இருக்க வாய்ப்பில்லை. இல்லாதது குற்றமில்லை, இருப்பதாகத் தோன்றும்படி பலகை வைப்பதுதான் குற்றம். எந்தப் படிப்புக்கு, எந்தத் தேதி வரை என்று என்.பி.ஏ. இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

கம்ப்யூட்டர் பெயரோடு ஒட்டிவரும் புதுப் படிப்புகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024-25 முதல் ஏ.ஐ.சி.டி.இ., நன்றாகச் செயல்படும் கல்லூரிகளில் ஒரு படிப்புக்கு இத்தனை இடம்தான் என்ற உச்சவரம்பை எடுத்துவிட்டது. அதன்பின் பல கல்லூரிகளில் கம்ப்யூட்டர் சார்ந்த இடங்கள் பெருகின, சிவில், மெக்கானிக்கல் சுருங்கின. இடத்தை ஒரே ஆண்டில் கூட்டிவிடலாம். ஆசிரியரையும் ஆய்வகத்தையும் அந்த வேகத்தில் கூட்ட முடியாது. சைபர் செக்யூரிட்டித் துறையில் பாடம் எடுப்பவர்களின் முதுநிலைப் பட்டம் எதில் என்று அதே ஆசிரியர் பட்டியலில் பாருங்கள். ஒரு நல்ல கல்லூரியின் எலெக்ட்ரானிக்ஸையும் சுமாரான கல்லூரியின் கம்ப்யூட்டர் சயின்ஸையும் எதிரெதிரே வைத்துக் கேட்டால், எங்கள் கருத்து முதலாவதன் பக்கம்தான். எந்தத் துறையானாலும் எடுத்துக்கொள்ளும் மென்பொருள் நிறுவனங்கள் நிறைய; அவை வருவதோ நல்ல கல்லூரிகளுக்கு. ஆனால் மாணவருக்கு அந்தப் பாடத்தில் கொஞ்சமும் விருப்பமில்லை என்றால் இந்தக் கணக்கு செல்லாது.

இனி சாய்ஸ் பட்டியல், அதாவது எந்தக் கல்லூரியில் எந்தப் படிப்பு வேண்டும் என்று மாணவர் கலந்தாய்வு இணையதளத்தில் விருப்ப வரிசையில் தரும் பட்டியல். தவறுகள் பெரும்பாலும் நடப்பது இங்கேதான். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200-க்குக் கட்-ஆஃப். போன ஆண்டு ஒவ்வொரு கல்லூரியிலும் கடைசி இடம் எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பதைக் கையில் வைத்துக்கொண்டு "எனக்கு 185, அந்தக் கல்லூரி 183-இல் முடிந்தது, கிடைத்துவிடும்" என்று கணக்குப் போடுகிறார்கள். மதிப்பெண் ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். பிளஸ் டூ வேதியியலில் 2024-இல் நூற்றுக்கு நூறு எடுத்தவர்கள் 471 பேர், 2025-இல் 3,181 பேர். அத்தகைய ஆண்டில் பழைய 183 இன்றைய 187-க்குச் சமமாக இருக்கலாம். ஒப்பிட வேண்டியது தரவரிசை எண்ணை. கலந்தாய்வு இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் கடைசி இடம் எந்தத் தரவரிசையில் முடிந்தது என்று சமூகப் பிரிவு வாரியாக இருக்கிறது. மூன்று ஆண்டு எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த எண்ணை எவ்வளவு நம்பலாம் என்பது இடங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. சிறுபான்மை அல்லாத தனியார் கல்லூரி 65 விழுக்காடு இடத்தை அரசுக்குத் தருகிறது. 60 இடத்தில் 39. அதில் பொதுப் பிரிவுக்கு 31 விழுக்காடு, சுமார் 12 இடம், பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5 விழுக்காடு, சுமார் 10. மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு, சுமார் 8. பிற்படுத்தப்பட்ட முஸ்லிம், அருந்ததியர் பிரிவுகளுக்கு ஒன்றிரண்டு. பழங்குடியினருக்கு ஒன்று, அல்லது அதுவும் இல்லை. சிறுபான்மைக் கல்லூரி என்றால் அரசு ஒதுக்கீடே 50 விழுக்காடுதான், எல்லாம் இன்னும் சுருங்கும். பன்னிரண்டு இடங்களின் கடைசித் தரவரிசை ஓரளவு நிலையாக இருக்கும். ஒரே இடம் உள்ள பிரிவில் அது ஆண்டுக்கு ஆண்டு பல்லாயிரம் தள்ளிப்போகும். அந்தப் பிரிவு மாணவர்கள் போன ஆண்டு எண்ணைப் பார்த்து மனம் தளர்ந்து ஒரு கல்லூரியை விட்டுவிடக் கூடாது. அதை நம்பிப் பட்டியலைச் சுருக்கவும் கூடாது.

வரிசைப்படுத்தும்போது எது கிடைக்கும் என்று பார்க்காமல் எது வேண்டும் என்று பாருங்கள். கணினி உங்கள் பட்டியலை மேலிருந்து கீழே படித்து, உங்கள் தரவரிசைக்கு முதலில் காலியாக உள்ள இடத்தைத் தந்துவிட்டு நின்றுவிடும். எட்டாத கல்லூரியை முதலில் போட்டதால் எட்டும் கல்லூரி கைவிட்டுப் போகாது. ஆனால் பயந்துகொண்டு நிச்சயம் கிடைக்கும் கல்லூரியை முதலில் போட்டால் அதோடு கதை முடிந்தது, அதற்குக் கீழே உள்ள நல்ல கல்லூரியைக் கணினி எட்டியே பார்க்காது. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் நல்ல இடத்தை இழப்பவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள்.

எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் கொடுக்கலாம். பத்துப் பன்னிரண்டோடு நிறுத்துபவர்களுக்குத்தான் "ஒதுக்கீடு இல்லை" என்று வருகிறது. பொதுத் தரவரிசை 60,000 என்றால், போன ஆண்டுகளில் 35,000-இல் முடிந்தவற்றிலிருந்து 90,000 வரை முடிந்தவை வரை எடுத்து, குறைந்தது 60, 80 சாய்ஸாவது எழுதுங்கள். கல்லூரியும் படிப்பும் சேர்ந்ததுதான் ஒரு சாய்ஸ், ஆகவே அந்த எண்ணிக்கை எளிதில் வந்துவிடும். போக விருப்பமே இல்லாத கல்லூரியை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள், அதுவே விழுந்துவிடலாம். பட்டியலை முதலில் தாளில் எழுதுங்கள், பெயரை மட்டுமல்ல, கல்லூரிக் குறியீட்டு எண்ணையும். ஒரே சாமியின் பெயரில், ஒரே அறக்கட்டளையின் பெயரில் பல கல்லூரிகள் உண்டு. பெயரைப் பார்த்துச் சொடுக்கி வேறு மாவட்டக் கல்லூரியை எடுத்தவர்கள் உண்டு. அரசு உதவிபெறும் கல்லூரிகளில் அதே படிப்பு சுயநிதிப் பிரிவாகவும் தனியே இருக்கும். வகுப்பறை ஒன்றாகவே இருக்கலாம், கட்டணம் ஒன்றல்ல.

சாய்ஸ் தர வழக்கமாக மூன்று நாள் கிடைக்கும். கடைசி நாள் மாலை வரை வைத்துக்கொள்ளாமல் இரண்டாம் நாளே பூட்டி, அச்செடுத்து, தாளோடு ஒப்பிடுங்கள். தற்காலிக ஒதுக்கீடு வந்த பிறகு உறுதிசெய்யக் கிடைக்கும் அவகாசம் இன்னும் குறைவு. ஏற்றுச் சேர்கிறேன் என்றால் குறித்த நாட்களுக்குள் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும், தவறினால் அந்த இடம் மேலே நகரக் காத்திருக்கும் இன்னொருவருக்குப் போய்விடும். ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கிறேன் என்றால் உங்கள் பட்டியலில் அதற்கு மேலே உள்ளவற்றில் ஏதாவது காலியானால் தானாக மாற்றிவிடுவார்கள். மாற்றியபின் பழைய இடத்தைத் திரும்பக் கேட்க முடியாது. எனவே முதலிலேயே வரிசை உண்மையான விருப்பப்படி இருக்க வேண்டும். மறுத்துவிட்டு மேல்நோக்கிக் காத்திருப்பது கையில் எதுவும் இல்லாமல் காத்திருப்பது. வெகு சிலருக்கே அது பொருந்தும்.

கடவுச்சொல்லும் கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் மாணவரிடமே இருக்கட்டும். "நாங்களே சாய்ஸ் போட்டுத் தருகிறோம்" என்று வருகிறவர்களில் சில கல்லூரிகளின் தரகர்களும் உண்டு. வீட்டில் இணையம் இல்லாதவர்களுக்கு அரசின் உதவி மையங்கள் மாவட்டந்தோறும் இருக்கின்றன, பணம் வாங்குவதில்லை. முன்பதிவு என்று அசல் சான்றிதழ்களைக் கேட்கும் கல்லூரிக்கும் கொடுக்காதீர்கள். அசலைப் பிடித்து வைக்கக் கூடாது என்றும், வகுப்பு தொடங்கும் முன் விலகினால் 1,000 ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டணத்தைத் திருப்ப வேண்டும் என்றும் ஏ.ஐ.சி.டி.இ. விதி இருக்கிறது.

பணக் கணக்கு. கலந்தாய்வு இடங்களின் கல்விக் கட்டணத்தை அரசுக் குழு நிர்ணயிக்கிறது. அதற்கு வெளியே பேருந்து, விடுதி, வேலைவாய்ப்புப் பயிற்சி, தேர்வுக் கட்டணம், சீருடை என்று சேர்வதுதான் பல வீடுகளை இரண்டாம் ஆண்டில் திணறடிக்கிறது. நான்கு ஆண்டுக்கும் மொத்தம் எவ்வளவு என்று தலைப்புவாரியாக எழுதி வாங்குங்கள். குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் படிப்பவருக்கான முதல் பட்டதாரிச் சலுகை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்பவர்களுக்கு மட்டுமே. மேனேஜ்மென்ட் கோட்டாவில் முன்கூட்டியே சேர்ந்துவிட்டு அதைக் கேட்டால் கிடைக்காது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் இடம் பெற்றால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே ஏற்கிறது. ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தனியே உண்டு.

நேரில் போவதென்றால் "ஓப்பன் டே" அன்று போகாதீர்கள், சாதாரண வேலை நாளில் போங்கள். கட்டடத்தையும் நீச்சல் குளத்தையும் அவர்களே காட்டுவார்கள். நீங்கள் ஆய்வகத்தைக் கேளுங்கள். முப்பது பேர் கொண்ட ஒரு குழுவுக்கு இயங்கும் கருவிகள் எத்தனை என்று எண்ணுங்கள். பத்துப் பேருக்கு ஒரு கருவி என்றால் ஒருவர் செய்வார், மற்றவர்கள் அவதானிப்பு நோட்டில் எழுதுவார்கள். வழிகாட்ட நிறுத்தியிருக்கும் மாணவரை விட்டுவிட்டு, உணவகத்தில் இருக்கும் மூன்றாம் ஆண்டு மாணவரிடம் பேசுங்கள். இந்தப் பருவத்தில் எந்தப் பாடத்துக்கு எத்தனை ஆசிரியர் மாறினார்கள், நூலகம் எத்தனை மணி வரை, கல்லூரிப் பேருந்து காலையில் எத்தனை மணிக்கு ஏற்றுகிறது என்று கேட்டால் போதும். காலை ஐந்தரைக்கு ஏறி இரவு ஏழுக்கு இறங்கும் பிள்ளை எப்போது படிக்கும்?

கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஒன்று மட்டும் கூடுதல்: புதுப் பெயருள்ள பட்டம், அரசு வேலைக்குக் கேட்கப்படும் பட்டத்துக்கு இணையானது என்று அரசாணை இருக்கிறதா என்று சேரும் முன்பே பாருங்கள். ஆசிரியர் பணிக்கோ அரசுத் தேர்வுக்கோ விண்ணப்பித்து, சான்றிதழ் சரிபார்ப்பில் நின்றுபோனவர்கள் உண்டு. மூன்றாண்டுப் படிப்பு முடிந்தபின் அதற்கு மாற்றுத் தேடுவது பெரும்பாடு.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் சுற்றுக்கு முன் வரும் கல்வி இணைப்பில் உங்கள் மாவட்டப் பதிப்புக்கு உட்பட்ட கல்லூரிகளுக்காவது ஓர் அட்டவணை போடுங்கள்: கல்லூரிக் குறியீடு, அனுமதிக்கப்பட்ட இடம், சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் முடித்தவர்கள், வேலை பெற்றவர்கள், இடைநிலைச் சம்பளம், என்.பி.ஏ. பெற்ற படிப்புகள், இணைப்புக் கல்லூரியானால் கடைசி நான்கு பருவத் தேர்ச்சி. எல்லாமே பொதுவில் உள்ள விவரங்கள், யாரையும் பேட்டி காண வேண்டியதில்லை. விவரத்தை வெளியிடாத கல்லூரிக்கு நேரே அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விட்டுவிடலாம். இரண்டாம் சுற்றுக்கு முன் காலியிட நிலவரத்தையும் அதே அட்டவணையில் சேர்த்தால், துணைத்தேர்வு எழுதித் துணைக் கலந்தாய்வுக்கு வரும் மாணவர்களுக்கும் அது உதவும்.

இப்படிக்கு,
மாணவர் சேர்க்கை வழிகாட்டுதலில் ஈடுபட்டுள்ள மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்